மார்போடு அணைத்த ஃபைல்

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதிகாரி முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி எடுக்கிறார். வீட்டுவேலைக்கு வந்தவள் ஃபைலை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். கைக்குழந்தைக்காரிகளுக்கு இந்த நாட்டில் வேலை அனுமதி கிடையாது என்று ஏஜென்ட் விமானம் ஏறுமுன்பே படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். இப்போது அவனே பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு மொழிபெயர்க்கிறான். "குழந்தை இருக்கான்னு கேக்குறாரு." "இல்லண்ணே." சொல்லி வாய் மூடுவதற்குள், பின்வரிசையில் யாருடைய பிள்ளையோ வீறிட்டு அழுகிறது. அவள் தன் நாலு மாதப் பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்து இன்றோடு ஐந்து நாள். காலையில்தான் குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்த அழுகைக்கு மார்பு குறுகுறுவென்று கடுத்துச் சுரக்கிறது. வெதுவெதுப்பு துண்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, ஃபைலின் அட்டையில் ஊறுவது தெரிகிறது. கைகள் இன்னும் இறுகுகின்றன. அழுகை நின்றபாடில்லை. யாராவது அதைத் தூக்குங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு. அதிகாரி ஒரு கையில் முத்திரையை ஓங்கிப் பிடித்தபடி, தடுப்பின் அடியிலுள்ள இடைவெளியில் மறு கையை நீட்டுகிறார். "என்னம்மா, மரமாட்டம் நிக்கிற? கைய நீட்டுறாரு பாரு. ஃபைலக் குடு."