லெமன் தைம்

காய்ச்சலில் பொற்கொடியின் மூக்கு எந்த வாசனையும் தெரியாமல் மரத்துப்போனது. தினமும் லெமன் தைம் இலையைக் கசக்கி முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். தான் தங்கியிருந்த தம்பி வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி வைத்தாள். அதன் எலுமிச்சை மணம் தெரிகிற அன்றுதான் அவள் தன் வீட்டுக்குத் திரும்பலாம். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாதவளைத் தனியாக விடத் தம்பிக்கு மனமில்லை.

துளசிக்கு ஊற்றுவதுபோல அதற்கும் தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவு ஈரம் தாங்காமல் செடி அழுகிவிட்டது. அவள் கண்ணில் படுவதற்குள், தம்பி மனைவி தவமணி அதைப் பிடுங்கிவிட்டு, அதே சாயலில், வாசனையே இல்லாத வேறொரு செடியை நட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை பொற்கொடி இலையைக் கசக்கினாள். "வந்துடுச்சுடா, எலுமிச்சை வாசனை" என்றாள், காய்கறி விலை சொல்வதுபோல.

"போச்சு! இனிமே தவமணி சமையலுக்கு நீ மார்க் போட ஆரம்பிச்சுடுவே" என்று சிரித்தபடி தம்பி ஆட்டோ பிடிக்க ஓடினான். பொற்கொடியின் பெட்டி ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"நல்லா மோந்து பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டாள் தவமணி.

பொற்கொடி விரல்களை அவள் மூக்கருகே நீட்டினாள். "நீயே பாரேன்."

தவமணி முகர்ந்தாள். வெறும் தழை. நீட்டிய கை இறங்கவில்லை. பொற்கொடியின் கண்களும் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

"என்ன வாசனை? சொல்லு."

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"எலுமிச்சை" என்றாள் தவமணி.