எலும்புச் சாறு

பாட்டிலில் மிச்சமிருந்ததையும் சூப்பில் கவிழ்த்துவிட்டு, அம்மா காலிப் பாட்டிலைத் தொட்டிக்கு அடியில் தள்ளினாள். மகள் சமையலறைக்குள் வரவும் சரியாக இருந்தது.

"இதுல வெண்ணெய் எதுவும் போடலையேம்மா?"

"போடலைடி. வெறும் காய்தான். சந்தேகமா இருந்தா நீயே செஞ்சுக்கோ."

"சந்தேகம் இல்லம்மா. சும்மா கேட்டேன்."

மகள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறிக்கடைக்காரர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. பள்ளிக்கூடம் முடியப்போகிற வயதில், ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தாள். "எந்த உயிர்கிட்டேருந்தும் எடுக்கறது எனக்கு இனிமே வேண்டாம்" என்றாள். கறி, மீன் மட்டுமில்லை. பால், முட்டை, தேன்கூட.

நாலு நாள் கூத்து என்று அம்மா நினைத்தாள். கெஞ்சினாள், திட்டினாள், தனியாகச் சமைக்க முடியாது என்று முறுக்கிக்கொண்டாள். பெண் சத்தம் போடவில்லை. யாருக்கும் உபதேசமும் செய்யவில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டுப் படிக்கப் போனாள். ரத்தக்கறை படிந்த அப்பாவின் ஏப்ரனை எப்போதும்போல அவளே துவைத்தாள்.

அப்பாவோ மகளைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். "என்ன முயல், இன்னிக்குப் புல்லா, வைக்கோலா?"

கன்னம் ஒட்டத் தொடங்கியதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கணவரைத் தனியாகப் பிடித்தாள்.

"எலும்பைக் கடையிலேயே கொதிக்கவெச்சு, சாறை மட்டும் பாட்டில்ல கொண்டாங்க. வீட்ல செஞ்சா மோப்பம் பிடிச்சிருவா. அவளுக்குத் தெரியாம நான் சூப்ல கலந்துடறேன்."

அவர் ரொம்ப நேரம் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார்.

அன்றிலிருந்து பாட்டில் தவறாமல் வந்தது. கெட்டியாக, பழுப்பாக, மேலே கொழுப்பு மிதக்க. மகள் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. அம்மா கண்ணாலேயே அவரிடம் சொன்னாள்: பார்த்தீங்களா, நான் சொல்லலை?

இன்றைக்குக் கடைக்கு விடுமுறை. அவர் மட்டும் ஐஸ் பெட்டியைக் கழுவப் போயிருந்தார். பாட்டில் காலியாகிவிட்டதே, நாமே போய் வாங்கி வந்துவிடுவோம் என்று அம்மா கிளம்பினாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். கொக்கிகளெல்லாம் வெறுமையாகத் தொங்கின. வெட்டுக்கட்டை சுரண்டிச் சுத்தமாக இருந்தது. பின்னறையில் தண்ணீர் விழும் சத்தம்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சோப்பு. அலசினார், விரலை முகர்ந்து பார்த்தார், மறுபடியும் சோப்பைப் போட்டார். ஏப்ரன் இல்லை. வெளுத்த சட்டை ஒன்றை மாட்டியிருந்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கிப் பிரித்தார். உள்ளே சின்னக் கத்தி ஒன்றும் புத்தம்புது பலகை ஒன்றும்.

முழு ஆட்டை ஒரே வீச்சில் இரண்டாக்குகிற மனுஷன், பலகையில் முட்டிக்கொள்கிற மாதிரிக் குனிந்து காளானை நறுக்கினார். மெல்ல, ஒவ்வொன்றாக. வெங்காயம், கேரட். அடுப்பிலிருந்த சட்டியில் போட்டு, கருகும் பதம் வரும்வரை வறுத்தார். நீரை ஊற்றியதும் அந்தப் பழுப்பு நிறம் எழுந்து வந்தது. கடைசியில் கடலை எண்ணெயை எடுத்து, கொழுப்பு மிதக்கிற அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் சொட்டுவிட்டார்.

அம்மாவுக்கு இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய ஆள் இவர்தானா என்றிருந்தது.

"உள்ள வர்றதுன்னா வா. ஏன் வாசப்படியிலேயே நிக்கறே?" என்றார் திரும்பாமல்.

"எலும்பு எங்கேங்க?"

"எலும்பை விக்கத்தான் கடையே வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"நீ கேட்ட நாள்லேருந்து."

"என்னை ஏமாத்திட்டீங்க."

"நீ அவளை ஏமாத்தினே. நான் உன்னை ஏமாத்தினேன். அவளை ஏமாத்தாம ஒருத்தராவது இருக்கணும்ல?"

அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குங்க வீட்ல அவளை அந்தப் பேச்சுப் பேசறீங்க?"

"எனக்குப் பிடிக்கலை, பேசறேன்," என்றார் அவர், சட்டியை இறக்கியபடி. "பேச்சு காதோட போயிரும். இது வயித்துக்குள்ள போறது. பாட்டிலைப் பிடி, சுடும்."

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் அவர் தொடங்கிவிட்டார். "மார்க்கெட்ல கீரையே கிடைக்கலையாம் முயல். எல்லாத்தையும் நீதான் மேஞ்சிட்டியா?"

மகள் நிமிர்ந்தாள். "நல்லாப் பேசுங்கப்பா. இந்த வீட்ல என் பக்கம் நிக்கறது அம்மா மட்டும்தான். அம்மா இல்லேன்னா நான் இதை என்னிக்கோ விட்டிருப்பேன்."

அம்மா வாயைத் திறந்தாள்.

"பின்னே, உங்கம்மா மாதிரி வருமா?" என்று முந்திக்கொண்டார் அவர். தலையைக் குனிந்து, எலும்பை உறிஞ்சத் தொடங்கினார்.

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தும்மா," என்றாள் மகள்.

அவருக்குக் கறிக்குழம்பு ஊற்றிய கரண்டி அம்மாவின் கையிலேயே இருந்தது. தினமும் செய்கிற மாதிரி அதையே சூப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோனவள், பாதியில் நின்றாள்.

அதைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வேறு கரண்டி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, மகளுக்குச் சூப் ஊற்றினாள்.