போக மூன்று, வர இரண்டு

உறையிலிருந்த விமான டிக்கெட்டுகளை ராயிஸா இன்னொரு தடவை விரித்துப் பார்த்தாள். மாஸ்கோவிலிருந்து அல்மா-அத்தா போக மூன்று. திரும்பி வர இரண்டு.

அவளுக்கும் கணவன் கென்னாடிக்கும் நடுவில் மகள் தாஸ்யா உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

பொத்தாமல் என்ன செய்வாள்? ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்று உலகத்துக்கே தம்பட்டம் அடித்த விமானம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கதி அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரைச்சலில் கத்திக் கத்திப் பார்த்து அலுத்துப்போய், பக்கத்து இருக்கைக்குத் துண்டுச்சீட்டு எழுதி நீட்டிக்கொண்டிருந்தார்கள். பணிப்பெண்கூட தேநீரா காப்பியா என்று அட்டையில் எழுதிக் காட்டினாள்.

ராயிஸா சீட்டு எதுவும் எழுதவில்லை. நேராகவே கேட்டாள்.

“புள்ளைக்குத் திரும்பி வர டிக்கெட் எங்க?”

கென்னாடி திருதிருவென்று விழித்தான். கொஞ்ச நேரம் மழுப்பினான். பிறகு உண்மையைக் கக்கினான்.

“பள்ளிக்கூடம் சேக்குற வரைக்கும் அல்மா-அத்தாவுல எங்கம்மாகிட்ட இருக்கட்டுமே. நம்ம வீட்டுல வளந்தா புள்ளைக்குப் பேச்சே வராதுன்னு அவங்க பயப்படுறாங்க.”

ராயிஸாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

வோரோனேஷ் விமான ஆலையில், தகடுகளை ஆணியடித்து இணைக்கும் ரிவெட் பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்கள் தலைவலி தாங்காமல் மூன்றே மாதத்தில் ஓடிவிடுவார்கள். இவர்கள் இருவரும் அங்கே பன்னிரண்டு வருடமாக ஜோடியாக நிற்கிறார்கள். அவன் சுத்தியல் பிடிப்பான், அவள் மறுபக்கம் முட்டுக் கொடுப்பாள். இந்த விமானத்தின் உடம்பிலும் அவர்கள் அடித்த ரிவெட்டுகள் இருக்கின்றன. அதற்காக ஆலை கொடுத்த பரிசுதான் இந்தப் பயணம். பரிசு என்று சொல்லி ஏற்றிக்கொண்டுவந்து பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறான், பாவி.

அவள் பொரிந்து தள்ளினாள். பெற்றது நானா உன் அம்மாவா என்றாள். ஐந்து வயதில் உன்னை விடுதியில் தள்ளிவிட்டு வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தவளுக்கு இப்போது வளர்க்கும் ஆசை வந்துவிட்டதா என்றாள். கோழை என்றாள். அதற்கும் மேலே ஒன்று சொன்னாள். பட்டறைக்கு வெளியே யாருக்கும் அர்த்தம் தெரியாத வசவு அது.

கென்னாடிக்குச் சுருக்கென்று தைத்தது. சண்டையில் எப்போதும் செய்வதையே செய்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

பத்து வருடக் குடித்தனத்தில் இதைப்போல அவளுக்கு வெறியேற்றியது வேறெதுவும் இல்லை. எட்டி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் முன்னாலிருந்த தேநீர் கால்சட்டையில் கொட்டியது. அப்போதும் அவன் திறக்கவில்லை.

நடைவழிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சீட்டு வந்தது. கோட்டில் பதக்கங்கள் குத்திய ஒரு கிழவர் நீட்டினார்.

‘தோழர்களே, கிளம்பியதிலிருந்து என் மனைவியிடம் ஒரு வாக்கியம் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. உங்கள் கைப்பேச்சை எங்களுக்கும் கற்றுத் தருவீர்களா? இந்த விமானத்தில் பேசத் தெரிந்தவர்கள் நீங்கள் இருவர்தான்.’

ராயிஸா தன் கைகளைப் பார்த்தாள். இத்தனை நேரமும் பேசியது அவைதான். அவளும் கென்னாடியும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். கண்ணை மூடிக்கொண்டவனிடம் எந்தக் கையால் கத்துவது?

வீட்டில் காது கேட்கிறவள் தாஸ்யா ஒருத்திதான்.

அவள் காதிலிருந்து கைகளை எடுத்தாள். இரைச்சல் அறைந்ததில் முகம் கோணி, கண்ணில் நீர் முட்டியது. எட்டி ஒரு விரலால் அப்பாவின் இமையைத் தூக்கினாள். அவன் பார்க்கிறான் என்று நிச்சயமானதும், அந்தச் சின்னக் கைகளால் ஒரு பிசகில்லாமல் சொன்னாள்.

“நான் பாட்டிகிட்ட இருக்க மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகும் கைகளைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டிவந்தால் அவை வேண்டுமே என்று மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.