சடையனின் சிக்கு

"என்ன தங்கச்சி, நாய்க்குக் கலியாணமா?"

கேட்ட பிறகுதான் நுஹ்மான் நாக்கைக் கடித்துக்கொண்டார். றக்வானை மலைத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகத் துணி மூட்டை சுமந்து விற்கிறவரின் வாய், மனசைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தை வேறு. வாசலில் வந்து விழுந்தது இது.

வாசற்படியில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் நாய் சடையன். அதன் முன்னங்காலைப் பிடித்து, துருப்பிடித்த கத்திரியால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

நுஹ்மானின் கண் அந்தக் கத்திரியிலேயே நின்றது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் தாய், மகன், நாய், அவ்வளவுதான். பஞ்சத்தில் ஒரு துண்டு பாணுக்கும் வழியில்லாமல் போனபோது, மகன் ஏழுமலை காடு வெட்டிப் பிழைக்கலாம் என்று வவுனியாவுக்குக் கிளம்பினான். அவன் பத்திரமாக இருக்கிற சேதி வரும்வரை இந்த வீட்டில் நகத்திலும் முடியிலும் இரும்பு படக் கூடாது என்றாள் இருளாயி. தன்னோடு நிறுத்தியிருந்தால் சரி. மகன் வளர்த்த நாயையும் சேர்த்துக்கொண்டாள்.

மாசங்கள் போயின, சேதி வரவில்லை. சடையனின் ரோமம் சிக்கு விழுந்து, மழையில் நனைந்து, உலர்ந்த சாணி போலக் கட்டிப் போயிற்று. நகம் வளைந்து பாதத்தில் குத்த, அது நொண்டி நொண்டி நடந்தது. வாயில்லாச் சீவன் என்று நுஹ்மான் ஒவ்வொரு தடவையும் மன்றாடுவார். அண்ணன் முறை வைத்து அவரை 'நானா' என்று கூப்பிடுகிற வாசல்; பேரம் பேசி அவர் தோற்ற ஒரே வாசலும் இதுதான்.

அந்த வாசலில் இன்றைக்குக் கத்திரி நடக்கிறது!

"மகன்ட தகவல் ஏதும்..." என்று இழுத்தார்.

"வந்துச்சு நானா. எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறினப்பறம் ஆபீசு ஐயா கூப்புட்டுச் சொன்னாரு. அதான் இன்னைக்கு வேலைக்குப் பேரு போடல."

நுஹ்மான் தோள் மூட்டையை இறக்கினார். நெஞ்சில் இருந்த மூட்டை அங்கேயே இருந்தது.

முந்தின நாள் பலாங்கொடைக் கடைத்தெருவில் வவுனியா வெங்காய லாரிக்காரன்தான் சொன்னான். மலேரியாக் காய்ச்சல். ஏழுமலையை அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். 'அந்தத் தாயை உங்களுக்குத்தான் பழக்கம், நீங்களே சொல்லிவிடுங்க' என்று லாரிக்காரன் கையைக் கழுவிக்கொண்டான்.

அப்படியானால் பையன் உயிரோடு இருக்கும்போது போட்ட கடுதாசி ஏதோ இன்றைக்குத்தான் ஆபீசுக்கு வந்திருக்கிறது. எழுதினவன் மண்ணுக்குள், எழுத்து மட்டும் மலையேறி வந்துவிட்டது. யா அல்லாஹ், இந்தத் தபாலுக்கு இன்றைக்குத்தானா கால் முளைக்க வேண்டும்?

"நானா, அந்தத் துணிக் கத்திரியைக் கொஞ்சம் குடுங்க. இது மொட்டையாக் கெடந்து தோலை இழுக்குது."

பெண்சாதி காகிதம் வெட்டக் கேட்டால்கூடக் கொடுக்காத கத்திரி அது. மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். குந்தியிருந்து சடையனின் காலையும் பிடித்துக்கொண்டார்.

"பையப் பைய வெட்டு. கறுத்த நகம், ரத்த நரம்பு எங்க நிக்கிதுண்டு தெரியாது. நுனிய மட்டும் எடு."

நகம் முடிந்ததும் சிக்கில் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். கட்டிக்கும் தோலுக்கும் நடுவே தன் விரல்களை நுழைத்துக்கொண்டு, விரலுக்கு மேலே மேலே வெட்டினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், வயிற்றடியில் என்று கட்டிகள் கழன்று விழுந்தன. சடையன் முனகியது, அவள் மணிக்கட்டை நக்கியது.

வழக்கமாக அவர் மூட்டை அவிழ்க்குமுன்பே பால் விடாத பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் வந்துவிடும். இன்றைக்கு அடுப்பில் புகையே இல்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டாம். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு பொழுதாவது இவள் நிம்மதியாக இருக்கட்டும்.

"ஏழுமலை வந்து பாத்தா, இது என்ட நாயான்னு கேப்பான்" என்றார் சிரித்துக்கொண்டே. சாயம் போகாது என்று எத்தனையோ சீத்தைத் துணிக்குச் சத்தியம் பண்ணியவர்தான். ஆனால் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

"ஆமா நானா" என்றாள் இருளாயி.

உடம்பு முடிந்தது. எலும்பும் தோலுமாக, கூசிப்போய் நின்றது சடையன். எல்லாம் ஆயிற்று என்று நுஹ்மான் கத்திரிக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. நாயின் தலையைத் தன் பக்கம் இழுத்து, உச்சியிலிருந்து வெட்டத் தொடங்கினாள். பஞ்சு போன்ற ரோமம் பிரிபிரியாக அவள் சேலையில் விழுந்தது.

"என்ன தங்கச்சி இது, தலையிலதான் சிக்கே இல்லியே! மலைக் குளிருல வெறைச்சுப் போகும். அதையாவது உட்டு வையேன்."

இருளாயியின் கை நிற்கவில்லை. கண் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தது.

"நானா, செத்த புள்ளைக்கு மொட்டை போட்டுக்க இந்த வீட்டுல வேற ஆம்பள யாரு இருக்கா?"