பெரிய வியாழன் தண்ணீர்

கிறிஸ்தவக் கோயில் பீரோவில் இருந்த வெள்ளிப் பாத்திரத்துக்கு, வாசல் குழாயடியில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் வாளியைக் கண்டாலே ஆகாது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்காக வருஷத்துக்கு ஒரு தரம்தான் பாத்திரம் வெளியே வரும். வாளிக்கோ தினமும் வேலை.

இந்த வருஷமும் பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பாத்திரத்தைத் தண்ணீரோடு கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாதம் கழுவிய சாமியாரின் துண்டை எடுக்கப் போனார்.

"பன்னிரண்டு பேர் காலைக் கழுவிட்டு வர்றேன். வக்கீல், ஹெட்மாஸ்டர், நகைக்கடைக்காரர்... பேர் கொடுத்து மூணு மாசமாக் காத்திருந்தவங்க. எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்ச்சு, சென்ட் அடிச்சிட்டு வந்திருந்தாங்க," என்றது பாத்திரம், வாளிக்கு உறைக்கட்டும் என்று.

"எனக்கு ஒருத்தர்தான்," என்றது வாளி. "சாக்கடை அடைப்பெடுக்கிற சேசையா. வேலையை முடிச்சிட்டு அப்படியே ஓடி வந்தார். இந்தக் காலோட உள்ளே வராதேன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. இடுப்புப் பிடிப்பு, அவரால குனிய முடியல. முறுக்கு விக்கிற செல்லம்மாதான் மண்டி போட்டுத் தேய்ச்சு விட்டாங்க. நாலு தரம் தண்ணி மாத்த வேண்டியதாப் போச்சு. முந்தானையால துடைச்சு முடிக்கிறதுக்குள்ள பூசையே முடிஞ்சிருச்சு."

பாத்திரம் வாளியின் விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்புச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு அழுக்காவது தன்னிடம் இருக்காதா என்று தன் தண்ணீருக்குள் தேடியது. அடியில் பொறித்திருந்த 'ராயப்பன் குடும்பத்தார் அன்பளிப்பு' மட்டும் ஓர் எழுத்துக்கூட மங்காமல் தெரிந்தது.