திருத்த வேண்டாத மெசேஜ்

டெபோரா ராயபுரத்தில் ஆங்கில டீச்சர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் யேசுதாஸ் ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினால், don't, I'm போன்ற சொற்களில் விட்டுப்போன அபாஸ்ட்ரபி குறிகளைப் போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

"உனுக்குப் புரிஞ்சிச்சில்ல? அப்பால இன்னாத்துக்கு அந்தக் கொக்கி?" என்று அவன் சிரிப்பான். பதினாறு வருடத்தில் ஒன்றுகூடப் போட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. கவலைப்படாதே, நல்லாத்தான் இருக்கிறேன், வர லேட்டாகும் என்று மூன்று வரி ஆங்கிலம்.

எட்டிப் பார்த்த மகள் மெர்லின் கை தட்டினாள். "அம்மா, எல்லா அபாஸ்ட்ரபியும் கரெக்டா இருக்கு! அப்பா திருந்திட்டாரு!"

டெபோராவின் முகம் வெளுத்தது. "இது அவரு எழுதினதில்ல."

உடனே போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண்.

"யாரு நீ? எங்க வூட்டுக்காரர் போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு? மெசேஜ் போட்டது நீதானா?"

"ஆமாங்க. அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணேன்."

"ஏன், அவருக்குக் கையில்லியா?" என்று கத்தினாள் டெபோரா.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரி நர்ஸ்ங்க. கண்டெய்னர் கதவு நசுக்கினதுல வலது கையை எடுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான் அப்படி அனுப்பச் சொன்னாரு."