செத்துப்போன நாற்பது கம்பெனிகள்

"செத்துப்போன கம்பெனிக்கெல்லாம் எதுக்கு சார் பழைய விலையைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்க?"

பங்குச் சந்தை ஆராய்ச்சிக்காரி போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எதிரே புள்ளிவிவரம் ஏற்றுபவர், பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எதையும் நிதானமாகச் செய்கிற மனுஷன். அதனாலேயே பட்டப்பேர் ஆமை.

"இன்னிக்கு நடக்கிற அறுபது கம்பெனியோட முப்பது வருஷ விலைதானே கேட்டேன்? இதுல நூறு இருக்கு!"

"முப்பது வருஷம் முன்னாடி நூறு இருந்துச்சே மேடம். அதுல எது மூழ்கும்னு அன்னிக்கு வாங்கினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியானால் அந்த அறுபதும் தப்பிப் பிழைத்தவை மட்டும்தானே! சுருக்கென்றது.

அவள் ஆராய்ச்சியே அந்த அறுபதை நம்பித்தான் நின்றது. எந்தப் பங்கை வாங்கி வைத்திருந்தாலும் கொழுத்த லாபம் என்று எழுதியிருந்தாள். அதை வைத்தே அப்பாவையும் குத்திக்கொண்டிருந்தாள். இருந்த சேமிப்பையெல்லாம் அவர் ஒரே பங்கில் போட்டு, அது மூழ்கி, இன்றுவரை வாடகை வீடே கதியாகிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு எதைத் தொட்டிருந்தாலும் லாபம்தான். நீங்க மட்டும் எப்படிப்பா தேடிப்பிடிச்சு அதை வாங்கினீங்க?" என்பாள்.

அவர் சிரித்து மழுப்புவார். போன மாசம் சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டபோது மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். அதிலிருந்து இவள் போன் பண்ணினால் பேசுவதில்லை.

நூறையும் போட்டுக் கணக்கை ஓட்டினாள். லாபம் மளமளவென்று இறங்கி, அரசாங்கக் கடன் பத்திரம் தரும் சொற்ப வட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூழ்கின நாற்பதில் பதினேழாவது, அப்பா வாங்கின கம்பெனி.

அட ஆண்டவனே! நூற்றுக்கு நாற்பது கவிழ்ந்திருக்கிறது. இதில் அப்பா மட்டும் எப்படி முட்டாள்?

ஆமையிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, அப்பா மேல தப்பே இல்லைம்மா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டு, இத்தனை வருஷமா அவரை..."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருடி. இனிமே என்னால முடியாது. அன்னிக்கு எந்தப் பங்கை வாங்கறதுன்னு தெரியாம முழிச்சவரு, பங்கு விலை போட்டிருந்த பேப்பரை உன் முன்னாடி விரிச்சு, 'ஒண்ணைத் தொடுடா கண்ணு'ன்னாரு. அப்ப உனக்கு அஞ்சு வயசு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அந்தக் கம்பெனி பேர் மேல விரலை வெச்சது நீதான்டி."